பிரேக்கரைப் பெரிதாக்காதே: ரைஸ் மில் எலக்ட்ரீஷியன் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நெல்லை மேலே தூக்கும் பக்கெட் எலிவேட்டரின் 20 எச்பி மோட்டாரை ஸ்டார்ட் பண்ணினால் பிரேக்கர் விழுகிறது, 40 ஆம்பியரை எடுத்துவிட்டு 63 போட முதலாளி சொல்கிறார் என்று கேட்டிருந்தாய். போடாதே. அந்த பிரேக்கர் கேபிளுக்குக் காவல். 40-க்குப் பார்த்து இழுத்த கேபிளில் 63 போட்டால் கருகுவது கேபிள்தான்.

முதலில், எந்த நேரத்தில் விழுகிறது என்று பார். பட்டனை அழுத்திய உடனேயா, ஸ்டாரிலிருந்து (குறைந்த வோல்டேஜில் கிளப்பும் இணைப்பு) டெல்டாவுக்கு (முழு வோல்டேஜில் ஓடும் இணைப்பு) மாறும்போதா? பாதி விடை அதிலேயே இருக்கிறது.

உடனே விழுந்தால் வைண்டிங்கையோ கேபிளையோ சந்தேகப்படு. மெயினை ஆஃப் செய்து பூட்டு. மூன்று ஃபேஸிலும் வோல்டேஜ் இல்லை என்று மீட்டரில் உறுதி செய்துகொள். டெஸ்டரை மட்டும் நம்பாதே. டெர்மினல் பாக்ஸைத் திற. தவிட்டுத் தூசி படிந்து, வயர் முனை லக்கிலிருந்து மோட்டார் பாடி வரை கருகிய தடம் ஓடியிருக்கலாம். ஆறு வயரையும் கழற்றி 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் பார்க்கும் மீட்டர்) ஒவ்வொரு வைண்டிங்கையும் பாடியோடும், பக்கத்து வைண்டிங்கோடும் பார். கேபிளைத் தனியாகப் பார். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் மோட்டாரை ஓட்டாதே. ஈரம்தான் காரணமென்றால் காயவைத்து மறுபடி பார். ஆனால் ஒரே காயிலுக்குள் சுற்றோடு சுற்று ஷார்ட்டாகியிருந்தால் மெகர் காட்டாது. அதற்கு மூன்று வைண்டிங்கின் ரெசிஸ்டன்ஸையும் ஒப்பிட வேண்டும்.

மாறும்போது விழுந்தால் ஸ்டார் காண்டாக்டரை, அதாவது ஸ்டார் இணைப்பைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்சை, கழற்றிப் பார். அதன் பாயின்ட் ஒட்டிக்கொண்டு விடாமல் இருக்கும்போது டெல்டா உள்ளே வந்தால் மூன்று ஃபேஸும் நேராக ஷார்ட். பாயின்டில் உருகிய மணி இருக்கிறதா, கையால் அழுத்தி விட்டால் தானாகத் திரும்புகிறதா என்று பார். ஸ்டாரும் டெல்டாவும் ஒரே நேரத்தில் சேராமல் தடுக்கும் இன்டர்லாக் வயரை யாராவது பைபாஸ் செய்திருக்கிறார்களா என்றும் கவனி.

சுழலாமல் உறுமிக்கொண்டே நின்றால் ஒரு ஃபேஸ் வராமல் இருக்கலாம். ஃபியூஸையும் காண்டாக்டரையும் பார்.

அப்புறம், கரண்ட் போய் வந்த பிறகுதான் அதிகம் விழுகிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தாயே, எனக்கு அதில்தான் சந்தேகம். ஓடிக்கொண்டிருந்த எலிவேட்டர் நின்றதும் பக்கெட்டிலும் அடிப்பெட்டியிலும் நெல் அப்படியே தங்கிவிடும். ஸ்டாரில் மோட்டாரின் டார்க் (சுழற்றும் விசை) டெல்டாவில் வருவதில் மூன்றில் ஒரு பங்குதான். அந்தச் சுமையோடு மோட்டார் வேகம் பிடிக்காது. டைமர் மட்டும் நேரம் வந்ததும் டெல்டாவுக்கு மாற்றிவிடும். ஃபுல் லோடில் 28 ஆம்பியர் எடுக்கிற மோட்டார் அப்போது ஆறு மடங்கு, 170 ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும். மாறும் நொடியில் அதற்கும் மேலே எகிறும். சி டைப் 40 ஆம்பியர் பிரேக்கர் 200-லிருந்து 400-க்குள் எங்கேயும் உடனே விழலாம். டைமரைக் கூட்டி வைப்பதால் மட்டும் இது தீராது.

அடிப்பெட்டிக் கதவைத் திறந்து நெல்லை வாரிவிட்டு ஸ்டார்ட் பண்ணு. டாங் டெஸ்டரை (வயரைக் கவ்வி ஆம்பியர் பார்க்கும் மீட்டர்) ஒவ்வொரு ஃபேஸிலும் மாட்டி, மாறுவதற்கு முன்னும் பின்னும் வரும் ஆம்பியரைக் குறித்து அனுப்பு. காலி எலிவேட்டரிலும் விழுந்தால் அதே 40-ல் டி டைப் போடலாமா என்று யோசிப்போம். டி டைப் உடனே விழ சி டைப்பை விட அதிக கரண்ட் வேண்டும் என்பதால், அதற்கு முன் எர்த்திங்கையும் பார்த்தாக வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்