‘லூட்’ நாடகத்தில் பிணம் கனக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய பிரிட்டிஷ் ஃபார்ஸ் (ரகளையான நகைச்சுவை) நாடகங்களை மறுபடி ஊர் ஊராகக் கொண்டுபோவது பற்றிய உங்கள் சென்ற இதழ்க் கட்டுரை, நாடகாசிரியர் ஜோ ஆர்ட்டனின் ‘லூட்’ இன்று யாரையும் அதிரவைக்காது, ஆகவே நடிப்பில் குறும்பைக் கூட்ட வேண்டும் என்கிறது. அந்த நாடகம் ஒருமுறை படுத்துப்போனதே அப்படித்தான்.

1965 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் ஆர்ட்ஸ் தியேட்டரில் முதல் சுற்றுப்பயணம் தொடங்கியது. இயக்கம் பீட்டர் வுட். இன்ஸ்பெக்டர் டிரஸ்காட்டாக கென்னத் வில்லியம்ஸ். கறுப்பு வெள்ளையில் செட், மிகையான நடிப்பு. வழியெல்லாம் ஆர்ட்டன் திருத்தி எழுதிக் கொடுத்தும் தேறாமல், லண்டனின் பெரிய தியேட்டர்கள் உள்ள வெஸ்ட் எண்டைத் தொடாமலே விம்பிள்டனில் நின்றுபோனது. மறு ஆண்டு சார்லஸ் மாரோவிட்ஸ் இயக்கத்தில் லண்டனில் ஏறிய அதே நாடகம் கிரைட்டீரியன் தியேட்டருக்கு மாறி, ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் விருதும் வாங்கியது. இடையில் பிரதி இறுகியிருந்தது, உண்மைதான். ஆனால் ஆர்ட்டன் விடாமல் கேட்டது ஒன்றைத்தான்: சிரிப்புக் காட்டாமல், எல்லாவற்றையும் நிஜமாகச் செய்யுங்கள்.

நிஜம் என்பது பொருட்களிலிருந்தே தொடங்குகிறது. வங்கியில் திருடிய பணத்தைச் சவப்பெட்டியில் ஒளிக்க, ஹால் என்ற இளைஞனும் அவன் நண்பன் டென்னிஸும், இறந்துபோன ஹாலின் தாயுடைய உடலை எடுத்து அலமாரிக்குள் தலைகீழாக நிறுத்துகிறார்கள். வெறும் பஞ்சு அடைத்த பொம்மை ஒரே கையில் எழும்பிவிடும். அந்தக் கணமே பதற்றம் போய்விடும். இடுப்பிலும் தோளிலும் மணல் பை வைத்துத் தைத்து 20 கிலோவாவது கனக்கச் செய்ய வேண்டும், மூட்டுகள் விறைப்பாக இருக்க வேண்டும். அன்று தணிக்கை அதிகாரியான லார்ட் சேம்பர்லினின் நிபந்தனையால் பொம்மைதான் வைக்க முடிந்தது. 1968 சட்டம் அந்தத் தணிக்கையை ஒழித்தது. 2017இல் பார்க் தியேட்டரில் அனா ருடின் என்ற நடிகையே பிணமாக நடித்தார். உயிருள்ள நடிகரை வைத்தால், அவர் வெளியேற அலமாரிக்குப் பின்கதவு வேண்டும், அதன் பின்னால் 60 செ.மீ. இடமும் வேண்டும். ஆழம் குறைந்த மேடையில் அலமாரியைச் சுவரோடு ஒட்டிவிட்டு, முதல் காட்சியன்று திணறுவார்கள்.

பழைய தியேட்டர்கள் பலவற்றில் மேடை முன்னோக்கிச் சரிந்திருக்கும். 24க்கு 1 சரிவென்றால் 6 மீட்டரில் 25 செ.மீ. இறக்கம். அலமாரிக் கதவு தானாகத் திறந்து, ரகசியம் நேரத்துக்கு முன்பே வெளியே விழும். அடியில் ஆப்பு வைத்து மட்டப்படுத்துங்கள். காந்தப் பிடிப்பை நம்பாமல் சாவி திருப்பிப் பூட்டும் நிஜப் பூட்டைப் போடுங்கள். சவப்பெட்டி வண்டிக்குச் சக்கர பிரேக் மட்டும் போதாது, கட்டையும் கொடுக்க வேண்டும். பிணத்தின் கண்ணாடிக் கண் உருண்டு கீழே இசைக்குழுப் பள்ளத்தில் விழுவதும் வழக்கம். உருண்டையாகச் செய்வதே தப்பு. உண்மையான செயற்கைக் கண் சிப்பி போலக் குழிந்த ஓடு, அது உருளாது.

மாடி இருக்கைகளை மறக்கக் கூடாது. நர்ஸ் ஃபே பிணத்தின் உடைகளைக் களைவதை மறைக்கும் திரை 1.8 மீட்டர் உயரம் இருந்தாலும் மேலிருந்து பார்ப்பவர்களுக்கு உள்ளே எல்லாம் தெரியும். புதிய ஊரில் ஒத்திகை நேரம் முழுவதும் விளக்குக்கும் ஒலிக்கும் போய்விடுகிறது. ஒரு மணி நேரமாவது திரை, அலமாரி, கதவு இவற்றை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். 300 பேர் சிரித்து ஓய்வதற்கும் 1,200 பேர் சிரித்து ஓய்வதற்கும் ஆகும் நேரம் வேறு. ஆர்ட்டனின் வாக்கியங்களில் கடைசிச் சொல்லில்தான் வெடி இருக்கும், அதைச் சிரிப்பொலியில் மூழ்கவிட்டால் போச்சு.

இன்று அதிர்ச்சி இல்லை என்பதைத்தான் ஏற்கவே முடியவில்லை. 1963இல் ஹெரால்டு சாலனர் என்ற லண்டன் டிடெக்டிவ் சார்ஜென்ட், ஊர்வலத்தில் பிடித்தவர்கள் மீது செங்கல் துண்டு வைத்திருந்ததாகப் பொய் வழக்குப் போட்டு அம்பலமானார். அவருடைய நிழல்தான் டிரஸ்காட். குடிநீர் வாரிய ஆள் என்று சொல்லி வீட்டுக்குள் நுழைந்து, ஹாலை அடித்து, கடைசியில் பணத்தில் பங்கு பேசிக்கொண்டு, குற்றமே செய்யாத ஹாலின் தந்தை மக்லீவியைக் கைது செய்கிறார். அவரைக் கோமாளியாக்கினால் அந்த முடிவு வெறும் வேடிக்கை. அடி வலிக்கிற மாதிரி விழட்டும். மேடையேற்றும் குழுக்கள் நிகழ்ச்சிக் கையேட்டில் சாலனர் வழக்கைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தால், இளைய பார்வையாளர்கள் டிரஸ்காட்டை முதல் காட்சியிலிருந்தே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இப்படிக்கு,
லண்டன் வாசகர் ஒருவர்