ஏப்ரலில் ஆற்றுக்கு வா

அன்புள்ள யாழினிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. "அதே ஆறு, அதே கைடு. பன்னிரண்டு வருஷமா போறீங்களே அப்பா, இன்னுமா தனியா மீன் பிடிக்கத் தெரியல?" என்றாய். முள் கட்டத் தெரியும், வீசத் தெரியும், மாட்டிய மீனைக் கரைக்குக் கொண்டுவரவும் தெரியும். தண்ணீரைப் பார்ப்பதைத்தான், படகில் கூட்டிப்போய் மீன் பிடிக்க வழிகாட்டும் அந்தக் கைடிடம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

முதல் வருஷம், நம் பியர் மார்க்வெட் ஆறு ஓடும் பால்ட்வின் ஊரிலிருந்து நான் கொண்டுவந்த சினூக் சால்மன் மீன் உனக்கு நினைவிருக்கும். செப்டம்பர் கடைசி. உடம்பெல்லாம் கருத்து, தாடை கொக்கிபோல் வளைந்திருந்தது. அம்மா வஞ்சிரத்துக்குச் செய்வதுபோலவே புளி கரைத்துக் குழம்பு வைத்தாள். ஒரு வாய்க்கு மேல் யாருக்கும் இறங்கவில்லை. சதை வெளுத்து, கொழகொழவென்று இருந்தது.

அதற்குக் காரணம் கைடு சொல்லித்தான் தெரிந்தது. மிச்சிகன் ஏரியிலிருந்து பியர் மார்க்வெட் ஆற்றுக்குள் நுழைந்ததும் சினூக் சாப்பிடுவதை நிறுத்திவிடுகிறது. ஏரியில் சேர்த்த கொழுப்பை எரித்துத்தான் எதிர்நீச்சல் போடுகிறது. முட்டையிடும் இடத்துக்கு வந்து சேரும்போது உடம்பில் அநேகமாக ஒன்றும் மிச்சமிருக்காது. முட்டையிட்டுச் சில நாட்களில் செத்துப்போகும். நம் தூண்டிலைக் கடிப்பதுகூடப் பசியால் அல்ல, தன் இடத்துக்குள் ஏதோ வந்துவிட்டது என்ற ஆத்திரத்தால். அதைக் கேட்ட பிறகு, கருத்த சால்மன் எது மாட்டினாலும் முள்ளை எடுத்துத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. அடுத்த அக்டோபரில் படகை நிறுத்தியதும், பளிச்சென்று சுத்தமாகத் தெரிந்த ஒரு கூழாங்கல் திட்டில் காலை வைத்து இறங்கினேன். கைடு அப்படிக் குரல் உயர்த்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை. பெண் மீன் வாலால் அடித்து அடித்துப் பாசி போக்கி, குழி பறித்து, முட்டையிட்டு, மறுபடி கற்களால் மூடிய இடம் அது. குஞ்சுகள் வசந்தத்தில்தான் கற்களுக்குள்ளிருந்து வெளியே வரும். அதை நான் மிதித்துவிட்டேன். எத்தனை முட்டைகள் நசுங்கினவோ, இன்றுவரை மனசை உறுத்துகிறது. இப்போதெல்லாம் எங்கே இறங்கினாலும் முதலில் என் கண் தேடுவது வெளிர்நிறத் திட்டைத்தான்.

அதே திட்டுகளுக்குச் சற்றுக் கீழே, உருண்டுவரும் சால்மன் முட்டைகளுக்காக ஸ்டீல்ஹெட் என்கிற மீன் காத்திருக்கும். கடைகளில் கிடைக்கும் ரெயின்போ டிரவுட் மீனும் இதுவும் ஒரே இனம்தான், இது ஏரிக்குப் போய் வளர்ந்து திரும்பும் மீன். 1876இல் கலிஃபோர்னியாவிலிருந்து மிச்சிகனுக்கு வந்த இனம் இது. சினூக்கைப் போல ஒரே தடவையோடு இதன் கதை முடிவதில்லை. முட்டையிட்ட பிறகும் பல மீன்கள் பிழைத்து ஏரிக்குத் திரும்புகின்றன, மறுபடியும் வருகின்றன.

குளிர்காலத்தில் இவை ஆழமான மடுக்களுக்குப் போய்விடும். தூண்டில் கோலின் வளையங்களில் பனி உறைந்து நரம்பு நகராது, விரலால் உடைத்துவிட்டு வீச வேண்டும். நாள் முழுக்க ஒரே ஒரு கடி கிடைத்தாலும் பெரிது. கைடு துடுப்பைப் பின்னோக்கிப் போட்டு, படகை நீரோட்டத்தைவிட மெதுவாக இறக்கிக்கொண்டே வருவார். "அங்கே பார்" என்பார். வேகமான தண்ணீரும் மெதுவான தண்ணீரும் உரசிக்கொள்ளும் கோடு ஒன்று தெரியும். மெதுவான பக்கத்தில் மீன் ஓய்வெடுக்கும், வேகமான பக்கத்தில் இரை வரும். அந்தக் கோட்டைப் பார்க்கவே எனக்கு மூன்று குளிர்காலம் ஆனது.

கோடையில் இந்த ஆறு டிரவுட்டுக்கு. ஜூன் கடைசியில், இருட்டிய பிறகு, ஹெக்ஸ் என்கிற பெரிய ஈக்கள் தண்ணீரிலிருந்து கிளம்பும். பகலெல்லாம் மரக்கட்டைகளுக்கு அடியில் ஒளிந்திருந்த பிரவுன் டிரவுட் அவற்றைத் தின்ன மேலே வரும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. "களக்" என்று சத்தம் வந்த திசையில், முள்ளில் ஈபோலக் கட்டிய செயற்கை ஈயை வீச வேண்டும்.

நீ படித்து வளர்ந்த நோவைக்குப் பக்கத்தில் நார்த்வில் இருக்கிறதே, ஜெர்மனியிலிருந்து வந்த பிரவுன் டிரவுட் முட்டைகள் அங்கேதான் பொரிந்தன. 1884 ஏப்ரலில் அந்தக் குஞ்சுகளை ரயிலில் கொண்டுபோய் இந்த ஆற்றில் வந்து சேரும் பால்ட்வின் ஆற்றில் விட்டார்கள். அமெரிக்க ஆறுகளில் பிரவுன் டிரவுட் வாழத் தொடங்கியது அப்படித்தான். நாம் வாரா வாரம் காய்கறி வாங்கப் போன வழியில் இப்படி ஒரு கதை இருப்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

போன ஜூலையில் ஒரு நாள், முன்பதிவு செய்திருந்தும் கைடே கூப்பிட்டு வர வேண்டாம் என்றார். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டதாம். அந்தச் சூட்டில் களைத்த டிரவுட்டைத் திருப்பி விட்டாலும் பிழைப்பது கடினம். அவருக்கு அது ஒரு நாள் வருமானம். நான் அவரிடமே திரும்பத் திரும்பப் போவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் இரண்டாம் வாரம் படகில் உனக்கும் சேர்த்து இடம் சொல்லியிருக்கிறேன். அப்போது ஸ்டீல்ஹெட் முட்டையிடும் நேரம். கற்கள்மேல் இருப்பவற்றை நாம் தொந்தரவு செய்யப் போவதில்லை, கீழே உள்ள மடுக்களில் மட்டும் வீசுவோம். எம்-37 நெடுஞ்சாலைப் பாலத்தைத் தாண்டி நாம் போகும் பகுதியில் செயற்கை ஈ மட்டும்தான் அனுமதி, பிடித்ததைத் திருப்பி விட்டே ஆக வேண்டும். அதனால் அம்மாவுக்குக் குழம்பு வேலை இல்லை. உனக்கு ஒரு நாள் உரிமம் போதும், ஆன்லைனில் எடுத்துவிடலாம்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி கொண்டுவா. அப்புறம், உன் கால் அளவு ஏழா, ஏழரையா? தண்ணீரில் இறங்கும் பூட்ஸை எடுத்து வைக்க கைடு கேட்டிருக்கிறார். அம்மாவுக்கும் சரியாக நினைவில்லை. இந்த வாரத்துக்குள் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா