ஓஷா அட்டை பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, கோபிக்காதே. சின்னவளைக் கல்லூரியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். வீடு வெறிச்சென்று கிடக்கிறது, எதைச் சமைத்தாலும் மிஞ்சுகிறது. மற்றபடி சுகம்தான். ஆலையில் மெயின்டனன்ஸ் வேலை, நடுநடுவே ஓஷா (அமெரிக்க அரசின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பு) வகுப்பெடுப்பது என்று பொழுது ஓடுகிறது.

நீ கிடங்கில் ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஆனதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் உங்கள் மேனேஜர் சொன்னதாக எழுதியிருந்தாயே, "எல்லாரையும் ஓஷாவின் பத்து மணி நேரப் பாதுகாப்புக் கோர்ஸில் உட்காரவைத்து, முடித்ததற்கான அட்டை வாங்கிக் கொடுத்துவிட்டால் பயிற்சிக் கணக்கு முடிந்தது" என்று, அந்தக் கணக்கு தப்பு. வகுப்பெடுத்துச் சம்பாதிக்கிற நானே சொல்கிறேன், நம்பு.

அந்தக் கோர்ஸ் நல்ல கோர்ஸ்தான். ஆபத்தை அடையாளம் காண, தன் உரிமை என்ன என்று தெரிந்துகொள்ள, யாரிடம் முறையிடுவது என்று அறிய அது உதவும். ஆனால் மத்திய அரசைப் பொறுத்தவரை அது விருப்பத்தின் பேரில் எடுப்பது. எந்த ஓஷா விதி கேட்கிற பயிற்சிக்கும் அது ஈடாகாது என்று ஓஷாவே சொல்கிறது. டிரைவிங் கற்பவனுக்குக் கொடுக்கிற எல்.எல்.ஆர். மாதிரி என்று வைத்துக்கொள். வண்டி ஓட்ட இனிமேல்தான் பழகவேண்டும்.

பத்து மணி நேரம் தொழிலாளிகளுக்கு. முப்பது மணி நேரம் உன்னைப்போல் பொறுப்பில் இருக்கிறவர்களுக்கு, அதனால் நீ முப்பதையே எடு. பதிவு செய்யும்போது 'ஜெனரல் இண்டஸ்ட்ரி' (ஆலை, கிடங்கு போன்றவற்றுக்கானது) என்று போட்டிருக்கிறதா என்று பார். கட்டுமானத்துக்கு வேறு கோர்ஸ், வேறு விதிகள். உதாரணத்துக்கு, நம்மைப்போன்ற ஆலை, கிடங்குகளில் 4 அடி உயரம் வந்தாலே விழாமலிருக்க ஏற்பாடு வேண்டும், அவர்களுக்குப் பொதுவாக 6 அடி. இன்னொன்று, ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரத்துக்கு மேல் வகுப்பெடுக்கக் கூடாது. ஆகவே பத்து மணி நேரக் கோர்ஸுக்கே குறைந்தது இரண்டு நாள் ஆகும். ஒரே நாளில் முடித்து அட்டை தருகிறேன் என்று எவனாவது சொன்னால் போனை வைத்துவிடு.

வகுப்பில் எனக்குப் பிடித்தது முதல் மணி நேரம். ஆபத்தைப் பற்றி ஓஷாவிடம் முறையிட்டதற்காக உன்னை வேலையை விட்டுத் தூக்கினால், 30 நாளுக்குள் நீ புகார் கொடுக்கலாம் என்று சொல்லும்போது, பின்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருப்பவர்கூட நிமிர்ந்து உட்காருவார். அந்தப் பகுதியை வேகமாக முடித்துவிடச் சொல்கிற முதலாளிகள் உண்டு. நான் அங்கேதான் நிதானமாகப் போவேன்.

அடுத்தது வெளியேறும் வழி. 1911இல் நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்தது. கதவு பூட்டியிருந்தது, 146 பேர் இறந்துபோனார்கள். எண்பது வருஷம் கழித்து, 1991இல் வட கரோலினாவின் ஹாம்லெட்டில் கோழிக்கறி ஆலை எரிந்தது. அங்கும் பூட்டிய கதவு, 25 பேர். இத்தனைக்கும் ஓஷா வந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. உன் கிடங்கில் யாரும் கதவைப் பூட்டமாட்டார்கள், தெரியும். ஆனால் சரக்கு குவிகிற மாதங்களில் பேலட்டை (சரக்கு அடுக்கும் மரப்பலகையை) எங்கே இறக்குவார்கள் என்று போய்ப் பார். வழி எந்த இடத்திலும் 28 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, கதவு உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கவேண்டும். அளக்கிற டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வா.

இனி, அட்டை தொடாத விஷயங்கள். ஃபோர்க்லிஃப்ட் (சரக்கு தூக்குகிற வண்டி) ஓட்டுகிறவருக்கு வகுப்புப் பாடம், கைப்பழக்கம், ஓட்டவைத்துப் பார்த்து மதிப்பீடு, மூன்றும் உங்கள் கம்பெனியின் பொறுப்பு. மூன்று வருஷத்துக்கு ஒரு முறையாவது மறுபடி மதிப்பிடவேண்டும். இடையில் விபத்து நடந்தாலும், மயிரிழையில் தப்பினாலும், வேறு வகை வண்டி கொடுத்தாலும் திரும்பப் பயிற்சி. "போன கம்பெனியிலேயே ஓட்டினேன்" என்று சொல்கிறவரையும் உன் இடத்தில், உன் வண்டியில் ஓட்டவைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாவி கொடு.

பெல்ட்டில் பெட்டிகளை நகர்த்துகிற கன்வேயர்தான் எனக்குக் கவலை. அட்டைப்பெட்டி சிக்கிக்கொண்டால் நிறுத்து பட்டனை அழுத்திவிட்டுக் கையை விடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். பெல்ட்டுக்கும் ரோலருக்கும் நடுவே கை போகிறதென்றால் பட்டனை நம்பக் கூடாது. நான் வகுப்பில் செய்துகாட்டுவது இதுதான்: மெயின் ஸ்விட்சை இறக்கு, உன் சொந்தப் பூட்டைப் போடு, சாவி உன் பையில், பெயர் எழுதிய டேக் பூட்டில். அப்புறம், பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார். இந்தக் கடைசிக் காரியத்தைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். தப்பான ஸ்விட்சைப் பூட்டியிருந்தால் அப்போதுதான் தெரியும். கரண்ட் போனதோடும் முடியாது. பெட்டியைத் தடுத்து நிறுத்துகிற ஸ்டாப்பரில் காற்றழுத்தம் மிச்சமிருக்கும், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற எடைக்கல் தொங்கிக்கொண்டிருக்கும். காற்றை வெளியேற்றி, எடைக்கல் விழாதபடி முட்டுக் கொடுத்த பிறகுதான் கை போகலாம். நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டு. இதையெல்லாம் உங்கள் கன்வேயருக்கென்று எழுதிவைத்து, வருஷத்துக்கு ஒரு முறையாவது சரிபார்க்கவேண்டும் என்பது விதி. பொதுக் கோர்ஸ் நடத்துகிற எவனுக்கும் உங்கள் எடைக்கல் எங்கே தொங்குகிறது என்று தெரியாது.

உன் ஆட்களில் பாதிப் பேருக்கு ஸ்பானிஷ்தான் வரும் என்றாய். அப்படியானால் பயிற்சியும் ஸ்பானிஷில் நடக்கவேண்டும். புரிகிற மொழியில், புரிகிற வார்த்தையில் சொல்லவேண்டும் என்பதில் ஓஷா கறார். தலையாட்டியதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்காதே. பூட்டைக் கையில் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்.

சூப்பர்வைசர் என்பதால் இதையும் குறித்துக்கொள். வேலையில் உயிரிழப்பு என்றால் 8 மணி நேரத்துக்குள் ஓஷாவுக்குத் தகவல் போகவேண்டும். விரல் துண்டானாலோ, கண் போனாலோ, யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்தாலோ 24 மணி நேரம். அப்போது ஓஷாவின் போன் நம்பரைத் தேடிக்கொண்டு நிற்கிற நிலைமை உனக்கு வேண்டாம், இப்போதே ஆபீஸ் சுவரில் ஒட்டிவிடு.

நீ கேட்ட ஃபோர்க்லிஃப்ட் செக்லிஸ்டைத் தனியாக அனுப்புகிறேன். அது எங்கள் வண்டிக்கு எழுதியது. உன் வண்டியின் மேனுவலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றிக்கொள். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். டிசம்பர் லீவில் நாங்கள் அந்தப் பக்கம் வருவதாக இருக்கிறோம். உனக்கு எந்த ஷிஃப்ட் என்று முன்கூட்டியே எழுது.

இப்படிக்கு,
உன் பழைய ரூம்மேட்