காசிமேட்டுக்கு ஒரு மடக்குக் கத்தி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வெளிநாட்டுப் பொருட்களை வாங்கக் கூடாது என்று வந்த கட்டுரையில் மடக்குக் கத்தியையும் சேர்த்திருந்தீர்கள். காசிமேட்டில் 20 வருடமாக விசைப்படகில் போகிறவன் நான், அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

வலை இறங்கும்போது கயிறு காலில் சுற்றிக்கொண்டால் அந்த நொடியே அறுத்தாக வேண்டும். அதனால் மடியில் கத்தி இல்லாமல் நான் கடலுக்குப் போவதில்லை. போன வருடம் தங்கசாலைப் பக்கம் ஒரு கடையில், உள்ளூரில் செய்தது என்று சொன்னார்களே என்ற சந்தோஷத்தில் 120 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன். மூன்றாம் நாள் நைலான் கயிற்றை அழுத்தி அறுக்கும்போது அலகு மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது, 4 தையல். திறந்த அலகு மடங்காமல் பிடித்துக்கொள்ளும் லாக் என்று ஒன்றும் கிடையாது, ரிவிட் அதற்குள் லொடலொடவென்று ஆடியது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஹீட் ட்ரீட்மென்ட் வேலை பார்க்கும் என் தம்பி மகன் அந்த அலகில் காந்தத்தை வைத்துப் பார்த்தான். ஒட்டவில்லை. "பெரியப்பா, இது சாம்பார் வாளி செய்கிற எவர்சில்வர். எவ்வளவு காய்ச்சி முக்கினாலும் இறுகாது, அப்புறம் கூர் எப்படி நிற்கும்?" என்றான். கத்திக்கென்று கார்பன் கூடுதலான எஃகு இருக்கிறது, அதைச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று ஆறவைத்தால் இறுகும், திரும்ப மிதமான சூட்டில் வைத்து எடுத்தால்தான் பொட்டென்று உடையாமல் இருக்கும். இந்த வேலையை அவன் தினமும் கார் பாகங்களுக்குச் செய்கிறான்.

இப்போது என்னிடம் இருப்பது பர்மா பஜாரில் 350 ரூபாய்க்கு வாங்கிய சீனக் கத்தி. திறந்தால் பிடிக்குள் இருக்கும் தகடு 'டக்' என்று வந்து அலகைத் தாங்கிக்கொள்கிறது. ஒரு வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்தும் சாணைக்காரரிடம் இரண்டு முறைதான் போயிருக்கிறது. அதற்காகச் சீனாவில் செய்வதெல்லாம் நல்லது என்று சொல்லவில்லை. குவாங்டாங் மாகாணத்து யாங்ஜியாங் நகரம் கத்திக்கே பேர் போனது, அங்கிருந்து நல்லதும் வரும், குப்பையும் வரும். காசுக்கேற்ற தோசைதான், ஆர்டர் கொடுக்கிறவர் என்ன கேட்கிறாரோ அது.

நம்மால் முடியாத வேலையா இது? பிரான்சில் 1890-லிருந்து ஓபினெல் என்ற மடக்குக் கத்தி செய்கிறார்கள். அலகு, மரப்பிடி, ஆணி, கழுத்துப் பட்டை, 1955-ல் சேர்த்த பூட்டு வளையம், மொத்தமே 5 பாகம். வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது. நம் கடைசல் பட்டறைகளுக்கு இதெல்லாம் ஒரு பெரிய வேலையே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுவிஸ் ராணுவக் கத்தி என்று உலகமே கொண்டாடுகிறதே, 1891-ல் அதன் முதல் தொகுதி ஜெர்மனியின் சோலிங்கனில் செய்து வந்தது, ஏனென்றால் அன்று அவ்வளவு கத்தி செய்ய சுவிஸில் வசதி இல்லை. கார்ல் எல்செனர் என்ற கத்திக்காரர் அந்த வேலையைத் தன் நாட்டுக்குக் கொண்டுவந்தார், ராணுவமும் வாங்கியது. வெளிநாட்டுக் கத்தியை வாங்காதே என்று சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை, வாங்குகிறதுக்கு ஒரு கை இருந்தது.

நமக்கும் அப்படி ஒரு கை வேண்டும். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்து அம்பத்தூர்ப் பட்டறைகளிடம் ஆர்டர் கொடுக்கட்டும், என்ன எஃகு என்று அலகிலேயே பொறிக்கச் சொல்லட்டும், காய்ச்சினால் இறுகுவதும் துருப்பிடிக்காததும் லாக் உள்ளதுமாகக் கேட்கட்டும். 120 ரூபாய்க்கு வேண்டாம். 400 ஆனாலும் சரி, எங்கள் படகில் மட்டும் 8 பேர் வாங்குவோம்.

இப்படிக்கு,
காசிமேட்டு வாசகர், சென்னை