அசைவு முற்றாக நிற்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

நுண்ணிய அதிரிகளை, அதாவது ஊசல்போல ஓயாது அதிரும் மிகச் சிறு பொருள்களை, குளிர்விக்கும் ஆராய்ச்சி பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை, என்னிடம் பௌதிகவியல் படிக்கும் உயர்தர மாணவி ஒருத்தி வெட்டிக்கொண்டு வந்தாள். இப்படியான விடயத்தைத் தமிழில் போட்டதற்கு முதலில் நன்றி. ஆனால் குளிரக் குளிர அப்பொருள் கடைசியில் அசைவற்றுப் போகும் என்று எழுதியிருந்ததைத் திருத்தியே ஆகவேண்டும். அது அசைவற்றுப் போகாது என்பதில்தான் இந்த ஆராய்ச்சியின் உயிரே இருக்கிறது.

அதிரும் பொருளிலிருந்து எவ்வளவு சக்தியை எடுத்தாலும், பிளாங்கு மாறிலி என்ற மிகச் சிறிய இயற்கை எண்ணையும் மீடிறனையும் (ஒரு செக்கனில் அதிரும் தடவைகள்) பெருக்கி வரும் தொகையில் பாதி அதற்குள் எஞ்சியிருக்கும். இதைவிடக் குறைய முடியாத இந்த நிலைக்குப் பெயர் அடிநிலை. ஒரு பொருளின் இருப்பிடமும் உந்தமும் (திணிவை வேகத்தால் பெருக்கியது) ஒருசேரத் திட்டமாக அமைய முடியாது என்ற, பௌதிகவியலாளர் ஐசன்பேர்க்கின் தத்துவம் அதை ஓய விடாது. 2011 இல் அமெரிக்காவின் போல்டர் நகரில், 15 மைக்குரோமீற்றர் விட்டமுள்ள அலுமினியப் பறையொன்றை (பறைத்தோல்போல அதிரும் மென்தகடு) நுண்ணலைகளால் இந்த அடிநிலைக்குக் கிட்டக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டே கலிபோர்னியா தொழினுட்ப நிறுவகத்தினர் வேறோர் அதிரியில் அந்த மீதி அசைவின் தடத்தைப் பிடித்தார்கள். லேசர் ஒளியிடமிருந்து அது சக்தியை வாங்கும் வீதம், கொடுக்கும் வீதத்தைவிடக் கூடுதலாக இருந்தது. வெறும் வெப்ப ஆட்டமென்றால் இரண்டும் சமமாக இருந்திருக்கும்.

இன்னொன்று. குளிர்வித்தல் என்றதும் பிள்ளைகள் குளிர்சாதனப் பெட்டியைத்தான் நினைக்கிறார்கள். ஈர்ப்பலைகளைத் தேடும் லைகோ நிலையத்தில் 40 கிலோகிராம் ஆடிகள் சிலிக்கா இழைகளில் தொங்குகின்றன. 2021 இல் வெளிவந்த ஆய்வில் அவற்றின் கூட்டு ஊசலாட்டத்தின் சக்தியை, வெப்பநிலையாகச் சொன்னால், 77 நானோகெல்வினுக்கு (ஒரு கெல்வினின் நூறு கோடியில் 77 பங்கு) இறக்கியிருந்தார்கள். ஆடிகளோ அறை வெப்பநிலையிலேயே இருந்தன! ஊஞ்சல் வரும் திசைக்கு எதிரே பார்த்துக் கைகொடுத்து அதை அடக்குவதுபோல, அசைவை அளந்து அளந்து எதிர்விசை கொடுத்தார்கள். வெப்ப இரைச்சல் அடங்கினால்தான் மெல்லிய சமிக்ஞைகள் தெரியும். அதைவிட, இவ்வளவு பாரமான பொருளும் அணு போன்ற நுண்பொருள்களை ஆளும் குவாண்டம் விதிப்படி நடக்குமா, புவியீர்ப்பு அதைக் குழப்புமா என்று சோதித்துப் பார்க்கவும் இதுவே வழி.

மின்சாரமும் ஆய்வுகூடமும் இல்லாத காலத்தில் வன்னியின் மரத்தடிகளில் கல்லையும் நூலையும் கொண்டு ஊசல் படிப்பித்தவன் நான். பாடத்திட்டத்திலுள்ள எளிமை இசை இயக்கத்தை (ஊசலின் சீரான அலைவு) தாண்டி ஓரடி வைத்தால் இந்தப் பறைக்கு வந்துவிடலாம். அந்த ஓரடியைப் பிள்ளைகளுக்குத் தமிழில் காட்டுவதற்கு இங்கே பத்திரிகையை விட்டால் வேறு அதிகம் இல்லை.

கிளிநொச்சியின் அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியாவில் பல்கலைக்கழகமே இருக்கிறது. அங்குள்ள விரிவுரையாளர்களிடம் கேட்டு, இதை விளக்கப்படங்களுடன் ஒரு தொடராக வெளியிடுங்கள். திருத்தத்தையும் அதே பக்கத்தில் போடுங்கள். கட்டுரையை வெட்டி ஒட்டி வைத்திருக்கும் பிள்ளைகள் அங்கேதான் பார்ப்பார்கள்.

ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
மல்லாவி.