காடிலாக்கின் சரிவுக்குக் காரணம் வால் துடுப்பா, இன்ஜினா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் காடிலாக் கார்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். காரின் பின்முனையில் நிமிர்ந்து நின்ற 1950களின் வால் துடுப்புகள், 1973இன் எண்ணெய் நெருக்கடி, பிறகு வந்த ஜப்பானியக் கார்கள் எல்லாம் சேர்ந்து அந்தப் பெயரைச் சாய்த்துவிட்டன என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். ஆண்டுக் கணக்கு இதற்கு இடம் கொடுக்கவில்லை. துடுப்பு மிக உயரமாக நின்றது 1959 மாடலில். 1960களின் நடுவிலேயே அது மறைந்துவிட்டது. எண்ணெய் நெருக்கடி வந்து சில ஆண்டுகள் கழித்து, 1970களின் கடைசியில், காடிலாக் ஆண்டுக்கு மூன்று லட்சம் கார்களுக்கு மேல் விற்றது. பெயர் கெட்டது அதற்கும் பிறகுதான். 1978 முதல் 1982 வரை, பக்குவப்படாமலே காருக்குள் ஏற்றப்பட்ட மூன்று இன்ஜின்களும் ஒரு சின்னக் காரும்தான் அதைக் கெடுத்தன. வாகனப் பொறியியல் கற்பிக்கும் எங்களுக்கு இது முக்கியமான வேறுபாடாகப் படுவதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் தொடக்கம். காடிலாக்கை ஹென்றி ஃபோர்டு தொடங்கினார் என்று கட்டுரை சொல்வது பாதி உண்மை. ஃபோர்டு 1902இல் தன் இரண்டாவது நிறுவனமான ஹென்றி ஃபோர்டு கம்பெனியை விட்டு வெளியேறினார். மிஞ்சிய இயந்திரங்களை விற்று முடித்துக்கொள்ள நினைத்த முதலீட்டாளர்கள், விலை மதிப்பிட ஹென்றி லீலண்டை அழைத்தார்கள். துப்பாக்கித் தொழிற்சாலைகளிலும், அளவுக் கருவிகளுக்குப் பேர்போன பிரவுன் அண்ட் ஷார்ப் நிறுவனத்திலும் தொழில் பழகியவர் அவர். ஓல்ட்ஸ் என்ற கார் நிறுவனத்துக்காக மேம்படுத்தி, அவர்கள் வேண்டாம் என்று தள்ளிய ஒற்றை சிலிண்டர் இன்ஜின் ஒன்று அவர் கையில் இருந்தது. விற்காதீர்கள், இந்த இன்ஜினை வைத்துக் கார் செய்யுங்கள் என்றார். 1701இல் டெட்ராய்ட்டை நிறுவிய பிரெஞ்சுக்காரர் அந்துவான் காடிலாக்கின் பெயரைப் புதிய நிறுவனத்துக்கு வைத்தார்கள். 1909இல் அது ஜெனரல் மோட்டார்ஸ் வசம் போனது.

காடிலாக்கின் மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு 1908இல் இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸில் ராயல் ஆட்டோமொபைல் கிளப் நடத்திய சோதனையைத்தான் பார்க்க வேண்டும். கட்டுரை இதை ஒரு வரியில் கடந்துவிட்டது. விற்பனைக்கு வைத்திருந்த கார்களிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். கடைசி நட்டு வரை கழற்றினார்கள். ஒரு காருக்கு 721 பாகங்கள். மூன்றின் பாகங்களையும் ஒரே குவியலாகக் கலந்தார்கள். அதிலிருந்து 89 பாகங்களை எடுத்து ஒதுக்கிவிட்டு, விற்பனையாளரின் இருப்பில் இருந்த புதிய பாகங்களை அந்த இடத்தில் வைத்தார்கள். பிறகு ஸ்பேனரும் திருப்புளியும் கொண்டு மூன்று கார்களையும் மறுபடி பூட்டினார்கள். அரத்தால் ராவிப் பொருத்தும் வேலைக்கு இடமே இல்லை. வெவ்வேறு வண்ணப் பாகங்கள் கலந்து பல நிறக் கோலத்தில் நின்ற அந்தக் கார்கள் ஒவ்வொன்றும் 500 மைல் ஓடின.

இதில் என்ன அதிசயம் என்று இன்றைய வாசகர் கேட்கலாம். அன்று கார் செய்வது என்றால் தேர்ந்த ஃபிட்டர் ஒவ்வொரு பாகத்தையும் அதன் இணைக்கு ஏற்றபடி ராவிச் சேர்ப்பதுதான். ஒரு காரின் பிஸ்டன் அடுத்த காருக்குப் பொருந்தாது. உதிரிப் பாகம் வாங்கினாலும் அதைப் பொருத்த மறுபடி ஃபிட்டர் வேண்டும். இந்தச் சோதனைக்காகத்தான் அந்தக் கிளப்பின் டியூவர் கோப்பை ஒரு அமெரிக்கக் காருக்கு முதன்முறையாகக் கிடைத்தது. 'உலகின் தரஅளவு' என்று காடிலாக் தன்னைச் சொல்லிக்கொண்டது இந்தக் கோப்பையின் பலத்தில்தான்.

இரண்டாவது டியூவர் கோப்பை 1912 மாடலின் செல்ஃப் ஸ்டார்ட்டருக்கு. அதுவரை இன்ஜினைக் கைப்பிடி போட்டுச் சுற்ற வேண்டும். இக்னிஷன் கொஞ்சம் முந்திவிட்டால் கைப்பிடி எதிர்ப்பக்கம் உதைத்து மணிக்கட்டை உடைக்கும். இன்ஜினைச் சுற்றும் அளவு மோட்டார் வைத்தால் அது காரில் ஏற்ற முடியாத கனமாக இருக்கும் என்று பலரும் கைவிட்டிருந்தார்கள். கல்லாப் பெட்டி இயந்திரங்களுக்கு மின்மோட்டார் செய்து பழகிய சார்லஸ் கெட்டரிங், மோட்டார் சில நொடிகள் மட்டுமே உழைத்தால் போதும் என்றால் அதன் தாங்குதிறனைப் போலப் பல மடங்கு சுமையைக் கொடுக்கலாம் என்று கண்டார். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அதே மோட்டார் டைனமோவாக மாறி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றியது. விளக்கும் இக்னிஷனும் அதே அமைப்பில் அடக்கம்.

அடுத்து வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1915 மாடலில், அமெரிக்காவில் பெருமளவில் தயாரான முதல் வி8, அதாவது V வடிவில் அமைந்த எட்டு சிலிண்டர் இன்ஜின். எட்டே ஆண்டுகளில் அதன் அதிர்வைக் குறைக்க, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டின் முழங்கைகளை 90 பாகைக்கு ஒன்றாகத் திருப்பி அமைத்தார்கள். அமெரிக்க வி8களில் அந்த அமைப்பே இன்றுவரை வழக்கம். 1929 மாடலில், பல் கடிக்காமல் கியர் மாற்ற உதவும் சிங்க்ரோமெஷ். 1930இல் பதினாறு சிலிண்டர் இன்ஜின். 1949இன் மேல்வால்வு வி8, 331 கன அங்குலத்தில் 160 குதிரைத்திறன் தந்தது. முந்தைய இன்ஜினைவிட எடையும் குறைவு. 1950இல் அதே இன்ஜினோடு, கிட்டத்தட்டக் கடையில் வாங்கிய நிலையிலேயே ஒரு காடிலாக் கூப் பிரான்சின் 24 மணி நேர லே மான் பந்தயத்தில் பத்தாவது இடம் பிடித்தது. துடுப்பு வந்ததும் இந்தக் காலத்தில்தான். ஹார்லி எர்ல் தலைமையிலான வடிவமைப்புக் குழு பி-38 போர் விமானத்தைப் பார்த்து 1948 மாடலில் வைத்தது. அந்தத் துடுப்புக்குக் கீழே இருந்தது நல்ல இயந்திரம் என்பதைக் கட்டுரையாளர் கவனித்திருக்க வேண்டும்.

இனி அந்த ஐந்து ஆண்டுகள். 1975இன் எரிபொருள் சிக்கனச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனத்தின் கார்களும் சராசரியாக 1978இல் காலனுக்கு 18 மைல், 1985இல் 27.5 மைல் கொடுத்தாக வேண்டும். 8.2 லிட்டர் இன்ஜினோடு 1976 வரை எல்டொராடோ என்ற மாடலை விற்ற காடிலாக்குக்கு அது பெரிய இறக்கம். அவசரம் அங்கே தொடங்கியது.

முதல் அடி, ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிரிவான ஓல்ட்ஸ்மொபைல் செய்த 5.7 லிட்டர் டீசல் வி8. 1978இல் செவில் என்ற காடிலாக் மாடலில் வந்தது. 1980 செவிலுக்கு அதுவே அடிப்படை இன்ஜின். பெட்ரோல் இன்ஜினுக்கே டீசல் பம்ப் மாட்டிவிட்டார்கள் என்று கட்டுரை சொல்வது தவறு. சிலிண்டர்கள் அமைந்த பிளாக் புதிதாக, தடித்து வார்க்கப்பட்டது. பின்னாளில் பந்தய இன்ஜின் கட்டுபவர்கள் அதைத் தேடி வாங்கினார்கள். கோளாறு ஹெட் போல்ட்டில், அதாவது சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டை பிளாக்கோடு இறுக்கும் போல்ட்டில் இருந்தது. பழைய இயந்திரங்களிலேயே துளையிட வேண்டும் என்பதற்காக, பெட்ரோல் இன்ஜினின் போல்ட் வரிசையையே, அதாவது ஒரு ஹெட்டுக்குப் பத்து போல்ட், அப்படியே வைத்துக்கொண்டார்கள். பெட்ரோலில் சுமார் 8க்கு 1 அமுக்கம் தாங்கிய வரிசை, 22.5க்கு 1 அமுக்கத்தை எப்படித் தாங்கும்? போல்ட் இழுபட்டது, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போனது, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கியது. நீர் அமுங்காது. டீசலில் பிஸ்டனுக்கு மேலே இடைவெளியும் மிகச் சிறியது. அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்தது. ரிப்பேர் செய்தவர்கள் பலர் இழுபட்ட போல்ட்டுகளையே திரும்பப் போட்டதால் அதே கோளாறு மீண்டும் வந்தது.

போதாக்குறைக்கு, செலவு மிச்சம் பிடிக்க டீசலில் உள்ள தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டியை வைக்கவில்லை. தண்ணீர் பம்ப்பைத் துருப்பிடிக்க வைத்தது. பெட்ரோல் கார் பழக்கத்தில் சில உரிமையாளர்கள் டேங்கில் ஆல்கஹால் கலந்த நீர்நீக்கியை ஊற்ற, அது பம்ப்பின் சீல்களை அரித்தது. அமெரிக்காவில் பயணிகள் காருக்கு டீசல் என்றாலே முகம் சுளிக்கும் வழக்கம் இந்த இன்ஜினிலிருந்து வந்தது.

இரண்டாவது, 1981இன் வி8-6-4. சுமை குறையும்போது எட்டு சிலிண்டரில் இரண்டோ நான்கோ ஓய்வெடுக்கும். வால்வைத் தள்ளித் திறக்கும் ராக்கர் ஆர்ம் நிற்கும் ஊன்றுபுள்ளியை ஒரு சாலினாய்டு (மின்காந்த விசை) விடுவிக்க, வால்வு மூடியபடியே நிற்கும். யோசனை அருமையானது. ஆனால் அன்றைய கணினிக்கு ஓட்டுநரின் காலோடு ஓடும் வேகம் இல்லை. மாறும்போதெல்லாம் கார் குலுங்கியது. வைத்தியமும் எளிது. அந்த அமைப்பு மேல் கியரில் மட்டுமே வேலை செய்யும். கியர்பாக்ஸில் உள்ள மூன்றாம் கியர் சுவிட்சின் ஒற்றை ஒயரைக் கழற்றிவிட்டால், மேல் கியர் விழவில்லை என்று கணினி நினைத்துக்கொள்ளும், எட்டு சிலிண்டரும் எப்போதும் ஓடும். 6.0 லிட்டர் இன்ஜினுக்குள் வேறு குறை இல்லை. ஒயர் கழற்றிய கார்கள் நெடுங்காலம் ஓடின. இதே நுட்பம் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் வால்வு லிஃப்டர்களோடு 2000களில் திரும்பி வந்தபோது, ஓட்டுபவருக்கு மாற்றம் தெரியாத அளவுக்கு மென்மையாக இருந்தது.

மூன்றாவதுதான் மோசம்: 1982இன் எச்.டி.4100. 4.1 லிட்டர், அலுமினிய பிளாக், இரும்பு லைனர், இரும்பு ஹெட். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் பிளாக்கும் ஹெட்டும் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து இன்டேக் கேஸ்கெட்டைத் தேய்க்கும். கூலன்ட் கசிந்து ஆயிலில் கலந்தால் பேரிங்கும் கேம் ஷாஃப்ட்டும் போகும். ரேடியேட்டரில் கசிவடைக்கும் மாத்திரை போடும்படி நிறுவனமே சொன்னது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். ஏறத்தாழ இரண்டு டன் காரை இழுக்க அதன் பலமும் போதவில்லை. அதே ஆண்டு வந்த சிமரான், அதே குழுமத்தின் சாதாரணக் காரான ஷெவர்லே கவலியரின் உடலில் தோல் இருக்கையும் பளபளப்பும் சேர்த்த கார், 1.8 லிட்டர், 88 குதிரைத்திறன், விலை 12,000 டாலருக்கு மேல். 1908இல் பாகங்களின் துல்லியத்தால் பெயர் வாங்கிய நிறுவனம், 1982இல் முத்திரையை மட்டும் மாற்றி ஒட்டி விற்றது எங்களுக்கு இன்னும் வருத்தமான விஷயம்.

எச்.டி.4100 இன்ஜினின் குறைகளைப் படிப்படியாகத் தீர்த்து 4.5 லிட்டர், பிறகு 1991இல் 200 குதிரைத்திறனுள்ள 4.9 லிட்டர் வந்தது. அந்தக் கால முன்சக்கர இயக்கக் காடிலாக்குகளில் நம்பி எடுக்கக் கூடியது இதுதான். அதற்கும் ஒரு கறை உண்டு. ஏசி போட்டால் இன்ஜின் நின்றுபோகும் கோளாறை மறைக்க, பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுக்கும்படி கணினிச் சில்லை மாற்றியதில், கார்பன் மோனாக்சைடு சட்ட வரம்பைத் தாண்டியது. 1995இல் 4.7 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. அமெரிக்க அரசோடு ஏற்பட்ட உடன்பாட்டின் மொத்தச் செலவு சுமார் 4.5 கோடி டாலர்.

அடுத்து வந்த நார்த்ஸ்டார் இன்ஜினைக் கட்டுரை 'மறுபிறவி' என்று புகழ்கிறது. 1993இன் அந்த 4.6 லிட்டர், 32 வால்வு இன்ஜின் 295 குதிரைத்திறனோடு வந்தது. கூலன்ட் முழுக்கப் போய்விட்டாலும் நான்கு நான்கு சிலிண்டராகப் பெட்ரோலை நிறுத்தி, வெறும் காற்றை இழுத்துக் குளிர்ந்துகொண்டே மெதுவாக வீடு சேர்க்கும். வடிவமைப்பில் அதற்கு ஈடு சொல்ல அன்று அமெரிக்காவில் அதிகம் இல்லை. ஆனால் ஹெட் போல்ட் பிடிக்கும் மரை அலுமினிய பிளாக்கில் நேரடியாக வெட்டப்பட்டது, அதுவும் நெருக்கமான மரை. பல ஆண்டு சூட்டில் அது பிய்த்துக்கொண்டு வரும். பார்ப்பவருக்கு ஹெட் கேஸ்கெட் போனது போலத் தெரியும். கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் வேலை மறுபடி வரும். இன்ஜினைக் கீழ்வழியாக இறக்கி, இருபது துளைகளிலும் எஃகு மரைக்கூடு பதிக்க வேண்டும், அல்லது தடித்த ஸ்டட் போட வேண்டும். துளை சாயாமலிருக்க வழிகாட்டித் தகடு கட்டாயம். பிய்ந்த துளையை மட்டும் சரிசெய்வது பயனில்லை; அடுத்தது காத்திருக்கும். பின்னாளில் நிறுவனமே போல்ட்டை நீளமாக்கி, மரையை அகலமாக்கியது.

கார் சூடாகிறது என்றதும் ஹெட்டைக் கழற்றக் கிளம்பவும் கூடாது. முதலில், கூலன்ட் ஊற்றும் சர்ஜ் டேங்குக்கு வரும் மெல்லிய காற்றுக்குழாய் அடைத்திருக்கிறதா பாருங்கள். இன்ஜின் ஓடும்போது அதிலிருந்து கூலன்ட் ஒழுக வேண்டும். அடுத்து, வாட்டர் பம்ப்பை ஓட்டும் சின்ன பெல்ட்டும் அதன் டென்ஷனரும். அது கேம் ஷாஃப்ட்டிலிருந்து சுழல்வதால் பலர் கவனிப்பதில்லை. இரண்டும் சரி என்றால், சர்ஜ் டேங்கின் மேல் உள்ள காற்றைச் சோதனைத் திரவத்தின் வழியே இழுத்துப் பாருங்கள். நீலம் மஞ்சளானால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறது என்று அர்த்தம். எச்.டி.4100க்கு இன்னொரு சோதனை: ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்போல் இருந்தால் அந்தக் காரைத் தொட வேண்டாம். ஆயில் ஊற்றும் வாயின் மூடிக்கு அடியில் மட்டும் வெண்மை என்றால் அது குறுகிய ஓட்டத்தில் படியும் ஈரமாகவும் இருக்கலாம்.

எனவே கட்டுரையில் மூன்று இடங்களைத் திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்: தொடக்கத்தில் லீலண்டின் பங்கு, டீசல் இன்ஜினின் பிளாக் பற்றிய வரி, நார்த்ஸ்டாரின் ஹெட் போல்ட். மூன்றாவதை மட்டுமாவது விரைவில் வெளியிடுங்கள். அந்த 'மறுபிறவி'யை நம்பி 1990களின் நார்த்ஸ்டார் காரை இப்போது வாங்குகிறவர், ரிப்பேருக்குக் காரின் விலையைவிட அதிகம் கொடுக்க நேரிடும்.

இப்படிக்கு,
வாகனப் பொறியியல் ஆசிரியர்கள் இருவர்