கண்ணாடி அறை கட்டப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இங்கிலாந்தில் உன் நாத்தனார் வீட்டை ஒட்டிக் கட்டியிருக்கும் கண்ணாடி அறை அழகுதான். தக்கலையில் உன் வீட்டுப் பின்பக்கமும் அப்படியொன்று வேண்டும் என்கிறாய். கட்டு. செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து மழை பார்க்க உனக்கென்று ஓர் இடம் வேண்டும்தான். ஆனால் அந்தப் படத்தைக் கொத்தனாரிடம் காட்டிவிடாதே. உன்னைப் போலவே இன்னும் சிலர் கேட்டதால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

அங்கே அந்த அறையைக் கட்டுவதே வெயிலைப் பிடித்து வைக்கத்தான். கண்ணாடி வழியே வரும் வெயில் தரையைச் சூடாக்கும். சூடேறிய காற்று வெளியேற வழியின்றி உள்ளேயே நிற்கும். குளிர் நாட்டுக்கு அது வரம். நான் இங்கே அதைத்தான் செய்தேன். மாடியில் நாலு பக்கமும் அடைத்து, மேலே பாலிகார்பனேட் தகடு போட்டேன். பங்குனியில் ஒரு வாரம் வெளியூர் போய் வந்து கதவைத் திறந்தால், அந்தூரியத்தின் இலைகள் கைபட்டதும் அப்பளமாக நொறுங்கின. நான்கு வருடம் வளர்த்த செடிகள். இன்னும் மனம் ஆறவில்லை.

அதனால் கூரைக்குக் கண்ணாடி வேண்டாம். நாம் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து 8 டிகிரி வடக்கே. சித்திரை பிறக்கும் சமயத்திலும் ஆவணி நடுவிலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். வெயிலாவது போகட்டும், உன் பின்பக்கம் மூன்று தென்னை நிற்கிறதே! 2017இல் ஒக்கிப் புயல் அடித்த அன்று நம் ஊரில் மரங்கள் விழுந்த கோலத்தை நீயும் பார்த்தாய். புயலே வேண்டாம், ஒரு காய்ந்த மட்டை போதும். ஓடு போடு, இடையிடையே எட்டுக் கண்ணாடி ஓடு வை. உடைந்தால் அந்த ஒன்றை மாற்றினால் முடிந்தது. கூரையை இரண்டடி வெளியே நீட்டச் சொல். நமக்கு ஆனி, ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு.

காற்றுக்கு என்ன செய்வது என்று கேட்பாய். பத்மநாபபுரம் அரண்மனை உனக்குப் பக்கத்தில்தான். மாடியில் மரச் சட்டங்களைச் சாய்வாக அடுக்கிய அந்தச் சன்னல்களை ஒரு நண்பகலில் போய்ப் பார். வெளிச்சம் தணிந்து வரும், காற்று தடையில்லாமல் வரும். உன் அறையிலும் சுவரின் மேல்விளிம்பில் அப்படி ஓர் அடி உயரத்துக்கு மரச்சட்டம் வை. சூடான காற்று மேலே ஏறி அந்த வழியாகப் போய்விடும்.

செலவு குறையும் இடம் சன்னல்தான். பழைய ஓட்டு வீடுகளை இடிக்கும்போது கழற்றும் சன்னல்கள் பழைய மரக்கடைகளுக்கு வருகின்றன. தேக்கு கிடைத்தால் நல்லது, அயனி கிடைத்தாலும் விடாதே. வாங்குமுன் கீழ்ச்சட்டத்தில் ஓர் ஆணியால் குத்திப் பார். தண்ணீர் தங்கி உளுத்துப்போவது அங்கேதான். ஆணி இறங்கினால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு. நான் வாங்கிய ஆறில் ஒன்றை உப்புத்தாள் கொண்டு தேய்த்தேன். பச்சை வண்ணம், அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் தேன் நிறத்தில் அயனி மரம். கொக்கியின் மூக்கு எத்தனையோ பேர் விரல் பட்டு வழவழவென்று தேய்ந்திருந்தது. புதிதாக எதை வாங்கினாலும் அந்த அழகு வராது. கண்ணாடியும் ஆசாரி கூலியும் சேர்த்தே, அலுமினியச் சன்னலுக்குச் சொன்ன விலையில் பாதிதான் ஆனது. ஒன்று மட்டும் மறக்காதே: சன்னலை முதலில் வாங்கு, அந்த அளவுக்குச் சுவரை எழுப்பு. மாற்றிச் செய்தால் நல்ல மரத்தை அறுக்க வேண்டிவரும்.

மற்றது எளிது. தரைக்குச் சிவப்பு ஆக்சைடு, தண்ணீர் வழிய ஒரு பக்கம் சாய்வு. ஆர்க்கிடுக்குச் சிரட்டையும், கதம்பை எனும் தேங்காய் நார்மட்டைத் துண்டும் போதும். கதம்பையை நாலைந்து நாள் ஊறப்போட்டு, கறைத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இரு. அம்மாவின் கல்லுரல் கொல்லையில் சும்மாதானே கிடக்கிறது? தண்ணீர் ஊற்றி நாலு கப்பி மீன் விடு, கொசுப்புழுவைத் தின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மரக்கடைக்குச் சேர்ந்தே போவோம். அளவு நாடாவும் ஓர் ஆணியும் எடுத்து வை.

அன்புடன்,
அக்கா